நெசவாளர் வளர்த்த நாய்

பட்டுப் போன்ற நீண்ட உரோமம். நெற்றி மயிரை அள்ளி முடிந்த சிவப்பு நாடா. ஒரு கையால் எடுத்துத் தூக்கிவிடத்தக்க உடல். யோர்க்‌ஷயர் ரெரியர் என்னும் நாயை முதன்முதலாகக் காண்பவர் அதனை நாயென்றே எண்ணுவதில்லை. பொம்மை ஒன்றுக்கு உயிர் வந்துவிட்டதென்றே எண்ணுவர். ஆயின், அலுமாரிக்குப் பின்னால் ஓர் எலி அசையும் சத்தம் கேட்கட்டும். மடியிலே கண்மூடிக் கிடந்த பொம்மை செவிகளை நிமிர்த்தும்; உடல் விறைக்கும்; துள்ளி இறங்கி, அலுமாரியின் அடியில் மூக்கை நுழைத்து, மண்ணைத் தோண்டுவதுபோலத் தரையைக் கீறத் தொடங்கும். நாடா அவிழ்ந்து மயிர் கண்ணில் விழுந்தாலும் அதற்கு அக்கறையில்லை. வீட்டுக்காரி எத்தனை முறை கூப்பிட்டாலும் அது வாராது.

இந்த நாயைப்பற்றி அறியவேண்டியவற்றுட் பெரும்பகுதி அந்த ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது. அதன் உடல் மடிக்கென்று மனிதராற் சுருக்கப்பட்டது, உள்ளமோ சுருங்கவில்லை. உடலின் சிறுமையை மறந்தவரிடத்தில் அது நோயுறும். உள்ளத்தின் இயல்பை மறந்தவரிடத்தில் அது கெட்டுப்போகும். இரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்திருப்பது சொல்வதற்கு எளிது. செய்வதற்கு அவ்வளவு எளிதன்று.

நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஒன்று பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்து 'ரெரியர்' என்றாயிற்று. நரி, எலி முதலான வளைவாழ் பிராணிகளைத் துரத்திச் சென்று, அவற்றின் வளைக்குள்ளேயே புகுந்து மடக்கும் நாய்களுக்கு அப்பெயர் வழங்கியது. ஆட்டு மந்தையைக் காக்கும் நாய் ஒவ்வோர் அடிக்கும் இடையனுடைய சீழ்க்கையை எதிர்பார்க்கும். வேட்டைப் பறவையை எடுத்துவரும் நாய் துப்பாக்கி ஏந்தியவனின் கைச்சாடையைப் பார்த்து நிற்கும். ரெரியருக்கு அந்த வசதி இல்லை. நிலத்தின் அடியில், இருளில், பற்களைக் காட்டிக்கொண்டு நிற்கும் பகையின் முன்னே அது தனித்து நிற்கின்றது. முன்னேறுவதா, பின்வாங்குவதா என்பதை அதுவே தீர்மானிக்கவேண்டும். அவ்வாறு தானே தீர்மானிக்கக் கூடிய நாய்களையே பல தலைமுறைகளாக மனிதர் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினர். இன்று அதே நாய் சொற் கேட்கவில்லை என்று அவர்களே குறை சொல்வது வேடிக்கைதான்.

இங்கிலாந்தின் வடபகுதியில் யோர்க்‌ஷயர், லங்காஷயர் என்னும் பிரதேசங்கள் அடுத்தடுத்துள்ளன. முன்னது கம்பளித் துணிக்கும் பின்னது பருத்தித் துணிக்கும் பேர்பெற்றவை. 19ஆம் நூற்றாண்டில் நீராவியால் இயங்கும் தறிகள் பெருகியபோது, கைத்தறியை நம்பி வாழ்ந்த ஸ்கொத்லாந்து நெசவாளர் பலர் பிழைப்பை நாடி இவ்விடங்களுக்கு வந்து குடியேறினர். கிளாஸ்கோ நகரை அடுத்த பெய்ஸ்லி, கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் வளர்ந்த சிறிய, நீண்ட உரோமமுள்ள நாய்கள் அவர்களோடு வந்தன. பெய்ஸ்லி என்ற பெயரை அறியாத தமிழ்ப் பெண்களும் அவ்வூரின் பெயரால் உலகெங்கும் வழங்கும் கோலத்தை நன்கு அறிவர். நம்மவர் சேலைக் கரையில் மாங்காய் என்று சொல்லும் வடிவந்தான் அது. காஷ்மீரச் சால்வைகளைப் பார்த்து அவ்வூர் நெசவாளர் நெய்து விற்றமையால், மேல்நாட்டார் அவ்வடிவத்துக்கு அவ்வூரின் பெயரையே இட்டுவிட்டனர்.

வந்த நாய்கள் யோர்க்‌ஷயரில் ஏற்கெனவே இருந்த சிறிய ரெரியர்களோடு கலந்தன. எந்த நாய் எதனோடு எப்பொழுது கலந்தது என்பதற்கு ஒழுங்கான பதிவுகள் இல்லை. வளர்த்தவர்கள் ஏழைத் தொழிலாளர். அவர்களிற் பலர் எழுத்தறியாதவர். பிரபுக்கள் தங்கள் குதிரைகளுக்கும் வேட்டை நாய்களுக்கும் வமிசாவளி எழுதிவைத்த காலத்தில், இந்த நாய்களின் வமிசம் நெசவாளர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது. அவர்கள் நாயை வளர்த்தது பயன் கருதியே. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் நெருக்கமான குடிசைகளிலும் எலிகள் மலிந்திருந்தன. சிறிய வீட்டில் இடத்தை அடைக்காமலும், சிறிய வருவாயில் அதிகம் தின்னாமலும், எலியைக் கண்டால் விடாமலும் இருக்கும் நாய் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

மற்றொரு பயனும் இருந்தது. அது அவ்வளவு மெச்சத்தக்கதன்று. காளையையும் கரடியையும் நாய்களால் கடிப்பித்துக் களிக்கும் விளையாட்டை 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. எலிகளுக்காக இரங்கியவர் எவருமில்லை. மதுச்சாலைகளின் உள்ளே குழியமைத்து, அதில் எலிகளைக் கொட்டி, எந்த நாய் விரைவில் எத்தனை எலியைக் கொல்லும் என்று பந்தயம் கட்டினர். வாரமெல்லாம் தறியோடு மாரடித்தவனுக்குச் சனிக்கிழமை இரவில் கூலியை மீறிய பணத்தைத் தன் நாய் வென்று தருவதும் உண்டு. அத்தகைய நாயின் குட்டிக்கு அயலில் நல்ல விலை கிடைத்தது.

அந்நாயின் உரோமம் மென்மையடைந்து நீண்டதும் இக்காலத்திலேயே. நெசவாளரின் கை நூலின் தரத்தை அறிந்த கை. தறியிலே நெய்து எடுத்த உரோமம் என்று அக்காலத்தவர் அதனைப் பரிகசித்தனராம். 1861ஆம் ஆண்டு லீட்ஸ் நகரில் நடந்த கண்காட்சியில் இந்நாய்கள் ஸ்கொத்லாந்து ரெரியர் என்ற பெயரிலேயே காட்டப்பட்டன. யோர்க்‌ஷயரில் அவை அடைந்த மாற்றத்தைக் கண்டு, அம்மாநிலத்தின் பெயராலேயே அவற்றை அழைக்கவேண்டும் என்ற கருத்து 1870ஆம் ஆண்டளவில் எழுந்தது, அப்பெயர் நிலைத்தது. 1874ஆம் ஆண்டு பிரித்தானிய நாய்வளர்ப்போர் கழகத்தின் வமிசப் பதிவேட்டிலும் இவ்வினம் இடம்பெற்றது.

இவ்வினத்தின் தந்தை என்று போற்றப்படுவது ஹடஸ்பீல்ட் பென் என்னும் நாய். அது 1865ஆம் ஆண்டு ஹடஸ்பீல்ட் நகரிற் பிறந்து, பிராட்போட் நகரைச் சேர்ந்த பொஸ்ரர் அம்மையாரிடம் வளர்ந்தது. கண்காட்சிகளில் எழுபதுக்கு மேற்பட்ட பரிசுகளைப் பெற்றது. எலிப் பந்தயங்களிலும் வென்றது. 1871ஆம் ஆண்டு வண்டியொன்றில் அடிபட்டு இறந்தபோது அதற்கு வயது ஆறுதான். இந்தக் குறுகிய வாழ்நாளுக்குள் தன்னிலும் சிறிய குட்டிகளைத் தவறாமல் தரும் தந்தையென அது பேர்பெற்றுவிட்டது. இன்று கண்காட்சி மேடையில் அழகுக்குப் பரிசு பெறும் யோர்க்‌ஷயர் ரெரியர்களின் வமிசம் பென்னைச் சென்றடைகின்றது. அழகுப் பரிசையும் எலிப் பரிசையும் ஒரே நாய் பெற்ற காலம் அவ்வளவோடு முடிந்தது.

பின்னர் நிகழ்ந்ததை ஒரு வரியிற் சொல்லலாம்: நெசவாளரின் குடிசையிலிருந்து சீமாட்டிகளின் மடிக்கு அது இடம் மாறிற்று. மடிக்கு வந்தபின் சிறியதற்கே விலை. பென்னின் காலத்தில் 12 இறாத்தல் நிறையுள்ள நாய்களும் இருந்தன. இன்றைய இங்கிலாந்தின் இலக்கணப்படி நிறை 7 இறாத்தலுக்கு, அதாவது 3.2 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. இந்த எல்லை நியாயமானதே. ஐந்து முதல் ஏழு இறாத்தல் வரை நிறையுள்ள நாய் ஓடியாடித் திரியும் உறுதியுடையது. கேடு விளைவது அதற்குக் கீழே. லங்காஷயரின் பிளாக்பேண் நகரில் சில்வியா என்றொரு யோர்க்‌ஷயர் நாய் இருந்தது. தோள்வரையில் அதன் உயரம் இரண்டரை அங்குலம். நிறை 113 கிராம். வளர்ந்த நாய்களுள் உலகிலேயே மிகச் சிறியது என்று அது பதிவு பெற்றது. 1945ஆம் ஆண்டு, இரண்டு வயது நிரம்புமுன்னே அது இறந்துபோயிற்று.

இன்று தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் நாய் என்று விளம்பரஞ் செய்து குட்டிகளை விற்கின்றனர். அப்படியொரு தனி வகை நாய்வளர்ப்போர் கழகங்களின் ஏட்டில் இல்லை. ஈற்றில் மிக நலிந்து பிறந்த குட்டிகளை நலிந்தவற்றோடே சேர்த்துப் பெறுவதும், வயது வருமுன்னே விற்பதும், வளர்ச்சி குன்றியதை அழகென்று பேசுவதுமே அவ்வணிகத்தின் இரகசியம். வழமையினும் சிறியது என்று மகிழ்ந்து அதிக விலை கொடுத்து வாங்கும் குட்டி, உள்ளே நோய் இருப்பதனாலேயே சிறிதாய் இருக்கக்கூடும்.

அந்நோய் யாதெனக் கூறுவது அவசியம். குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலினூடே சென்று, அங்கே நஞ்சு நீங்கியபின்னரே உடலெங்கும் பரவவேண்டும். சில குட்டிகள் பிறக்கும்போதே, ஈரலைச் சுற்றி ஒதுக்கிச் செல்லும் குறுக்குக் குழாய் ஒன்றோடு பிறக்கின்றன. இரத்தம் அதன் வழியே சுத்தமாகாமல் மூளையை அடைகிறது. அத்தகைய குட்டி வளராது, உணவு உண்டபின் மயங்கியதுபோல் நிற்கும், வட்டமிட்டு நடக்கும், சுவரோடு தலையை அழுத்திக்கொண்டிருக்கும். ஏனைய இனங்களைவிட யோர்க்‌ஷயர் ரெரியரில் இக்குறை பன்மடங்கு அதிகம். இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். சத்திரசிகிச்சையாற் பலவற்றைக் காப்பாற்றவும் முடியும். ஆனால், சிறிய நாயென்றால் இப்படித்தான் இருக்கும் என்று வாளாவிருப்பவரின் வீட்டில் அக்குட்டிக்கு விமோசனமில்லை.

சிறுமையால் வரும் மற்றோர் அபாயம் பசி. பெரிய நாய்க்குட்டி ஒருவேளை உணவைத் தவறவிட்டால் அழும், அவ்வளவே. இரண்டு மாத யோர்க்‌ஷயர் குட்டியின் ஈரலில் சேமித்துவைத்த சர்க்கரை மிகச் சொற்பம். உடலிற் கொழுப்பும் இல்லை. சில மணிநேரம் உண்ணாதிருந்தாலும், புதிய வீட்டின் அச்சத்தாலோ குளிராலோ களைத்தாலும், இரத்தத்திற் சர்க்கரை இறங்கிவிடும். குட்டி நடுங்கும், தள்ளாடும், கண் நிலைகுத்தும், வலிப்பும் வரும். அவ்வேளையில் வாயில் நீரோ பாலோ ஊற்றினால் மூச்சுக்குழலுட் சென்றுவிடும். தேன் அல்லது சர்க்கரைப்பாகு சிறிது எடுத்து விரலால் அதன் முரசிலே தடவி, துணியாற் போர்த்தி, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும். மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின்னர் இரு வேளையும் உணவளிப்பது நன்று. இவ்வினக் குட்டியை எட்டு வாரத்திலன்றிப் பன்னிரண்டு வாரத்தில் தாயிடமிருந்து பிரிப்பதே நல்லதென அனுபவமுள்ள வளர்ப்பாளர் பலர் கருதுவதும் இதனாலேயே.

வளர்ந்த நாய்க்கு நேர்வது இதற்கு எதிர்மாறு, பட்டினியன்று, பாசம். வீட்டில் உள்ள ஐந்துபேரும் ஆளுக்கொரு துண்டு பிஸ்கோத்துக் கொடுத்தால், மூன்று கிலோகிராம் உடலுக்கு அது விருந்து. கொழுப்பு மிகுந்த பொரியலும் இறைச்சித் தோலும் கணையத்தை வீங்கச் செய்து உயிருக்கே உலைவைக்கும். சொக்கலேற், திராட்சை, வெங்காயம் என்பவை எல்லா நாய்களுக்கும் நஞ்சு. சிறிய உடலுக்கோ அந்நஞ்சின் சிறிய அளவே போதும். தலைவலிக்கு மனிதர் விழுங்கும் பரசிற்றமோல் வில்லையை அன்பினால் நாய்க்குக் கொடுத்தவர்களும் உண்டு. அதனைக் கனவிலும் செய்யலாகாது.

இதன் பற்களை நினைப்பவர் அரிது. நாய்க்குப் பாற்பற்கள் 28. நிலைத்த பற்கள் 42. ஓநாயின் தாடையிலும் அதே 42; பெருவிரலளவான இத்தாடையிலும் அதே 42. எலும்பைச் சுருக்கிய மனிதனாற் பற்களின் தொகையைக் குறைக்க முடியவில்லை. ஆகவே பற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும், இடுக்கிலே உணவு தங்கும், முரசு சீழ்ப்பிடிக்கும். பாற்பல் விழாமல் நிற்க, அதன் அருகே புதுப்பல் முளைப்பதும் இவ்வினத்தில் மிகச் சாதாரணம். ஏழு மாதத்துக்குப் பின்னும் அவ்வாறு நிற்கும் பாற்பல்லை மிருக வைத்தியரைக்கொண்டு அகற்றுவிக்கவேண்டும். மென்மையான தூரிகையால் நாள்தோறும் பல் துலக்கும் பழக்கத்தைக் குட்டிப் பருவத்திலேயே ஏற்படுத்தினால், நாய் அதனை விளையாட்டாக ஏற்றுக்கொள்ளும். மனிதருக்குரிய பற்பசை ஆகாது. இனிப்புக்காக அவற்றுட் சிலவற்றிற் சேர்க்கும் சைலிற்றோல் நாய்க்குக் கொடிய விஷம்.

கழுத்தைப்பற்றியும் ஒரு சொல். மூச்சுக்குழல் தட்டையாகாமல் அதனைத் தாங்கிநிற்பவை குருத்தெலும்பு வளையங்கள். இவ்வினத்திற் பலவற்றுக்கு அவ்வளையங்கள் நாளடைவில் தளர்ந்துவிடும். அப்போது எழும் இருமல் வாத்தின் குரலைப் போன்றிருக்கும். கழுத்துப்பட்டியிற் கயிறு பூட்டி இழுத்தால் அக்குழல் மேலும் நசுங்கும். ஆதலால் கயிற்றை மார்பைச் சுற்றிய வாரிலே பூட்டவேண்டும். கழுத்துப்பட்டி முகவரித் தகட்டுக்கு மட்டும் இருக்கட்டும். நடக்கும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கி இரண்டடி நொண்டிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடுவதைச் சிலர் நாயின் குறும்பென்று இரசிப்பர். முழங்காற் சிரட்டை இடம்விட்டு நழுவுவதன் அடையாளம் அது.

இனி அதன் உரோமம். பெரும்பாலான நாய்களுக்கு மேலே முரட்டு மயிரும் அடியிலே பஞ்சு போன்ற மயிருமாக இரட்டைப் போர்வை இருக்கும். யோர்க்‌ஷயர் ரெரியருக்கு அடிமயிர் இல்லை. மேல்மயிரும் மனிதரின் தலைமயிர்போல வளர்ந்துகொண்டேயிருக்கும், பருவந்தோறும் கொட்டுவதில்லை. இதனால் ஒவ்வாமை உள்ளவர்களும் அச்சமின்றி வளர்க்கலாம் என்று விற்போர் கூறுவதை நம்பலாகாது. ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் நாயின் எச்சிலிலும் தோற்செதிலிலும் உள்ளது. அது எந்த நாயிலும் இல்லாமற் போவதில்லை. குட்டிகள் பிறக்கும்போது கறுப்பும் செம்பழுப்புமாகவே இருக்கும். முதுகின் கருமை, ஆண்டுகள் செல்லச்செல்ல, உருக்கின் நிறமான கருநீலமாகும். தலையிலும் மார்பிலும் கால்களிலுமுள்ள செம்பழுப்பு மயிர் அடியிற் கருத்து, நடுவில் வெளிறி, நுனியில் மேலும் வெளிறி நிற்பது உயர்ந்த இலக்கணம். ஒரு மயிரிலே மூன்று சாயலை எதிர்பார்த்தவர்கள் சாயத்தொழில் அறிந்தவர்களாகவே இருந்திருக்கவேண்டும்!

கண்காட்சிக்கு வளர்ப்பவர்கள் மயிருக்கு எண்ணெயிட்டு, சிறுசிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெல்லிய கடதாசியில் மடித்து இறப்பர் வளையத்தாற் கட்டிவைப்பர். தரையைத் தொடும் அந்த உரோமத்தோடு நாய் பற்றையில் ஓட முடியாது. மண்ணைக் கிளற முடியாது. மழையில் நனைய முடியாது. பரிசு வேண்டுமாயின் இதைச் செய்யலாம். வீட்டில் வாழும் நாய்க்கு இது சிறை. இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமற் கத்தரித்துவிடுவதே அதற்குச் செய்யும் உபகாரம். அப்படிச் செய்தாலும் நாள்தோறும் வாரவேண்டும். காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிற் சிக்கு விரைவில் விழும். உலர்ந்த மயிரைச் சீவாமல் நீரைத் தெளித்துச் சீவினால் மயிர் அறாது. கண்ணை மறைக்கும் மயிரை முடிந்து விடவேண்டும் அல்லது வெட்டவேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாய்க்குரிய சவர்க்காரத்தாற் குளிப்பாட்டி, துவாயால் ஒற்றி, உடனே உலர்த்துவது முறை.

இங்கிலாந்தின் குளிரில் அடிமயிரற்ற இந்நாய் நடுங்கும். கம்பளி நெசவாளர் வளர்த்த நாய்க்கு இன்று கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது. இலங்கை போன்ற நாடுகளிலோ குளிரன்று, வெப்பமே பகை. நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைப்பதே அது வெப்பத்தை ஆற்றும் வழி. மூச்சுக்குழல் தளர்ந்த நாய்க்கு அவ்வழியும் குறுகிவிடுகிறது. அதன் வயிறு தார் வீதியிலிருந்து ஒரு சாண் உயரத்திற்கூட இல்லை என்பதை நடப்பவர் நினைவிற் கொள்ளவேண்டும். விடியற்காலையும் பொழுதுபட்ட பின்னும் உலாத்துவதே தகும். திரும்பியதும் விரலால் மயிரைப் பிரித்து உண்ணி தேடவேண்டும். உண்ணியால் வரும் காய்ச்சல் சிறிய நாயை விரைவில் இளைக்கச் செய்யும். நீர்வெறுப்பு நோய் உள்ள நாட்டில், வெளியே போகாத நாய்தானே என்று தடுப்பூசியைத் தவிர்ப்பது பெரும் பிழை. சிறிய நாய்க்கு அரை ஊசி போதும் என்ற எண்ணமும் தவறானது. பூச்சி மருந்தைத்தான் நிறை பார்த்து அளப்பர். தடுப்பூசி பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் ஒரே அளவு.

இவ்வளவு நொய்மையைக் கேட்டபின் இந்நாயைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கத் தோன்றலாம். பலர் அவ்வாறே செய்கின்றனர். காலைத் தரையில் ஊன்றவிடாமற் கையிலேயே தூக்கித் திரிகின்றனர். அதன் விளைவு எல்லோரும் அறிந்ததே: வருவோர் போவோர் எல்லோரையும் குரைத்து, விருந்தினரின் குதிகாலைக் கடித்து, ஒரு கணம் தனித்திருக்க மாட்டாமல் ஊளையிடும் நாய். பெரிய நாய் ஒன்று அவ்வாறு செய்தால் அன்றே பழக்கத் தொடங்குவர். இது செய்தால் சிரிப்பர். சிரிப்பு ஒரு பரிசு என்று நாய் கற்றுக்கொள்கின்றது.

இந்நாய் எதற்கு வல்லது என்பதைக் காட்டியது ஒரு யுத்தம். 1944ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் நியூகினித் தீவின் காட்டில், கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் யோர்க்‌ஷயர் பெட்டை நாய் ஒன்றை அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் கண்டார். அதன் நிறை நான்கு இறாத்தல். எப்படி அங்கே வந்ததென்று எவருக்கும் தெரியவில்லை. ஆங்கிலச் சொல்லும் அதற்கு விளங்கவில்லை. யப்பானியச் சொல்லும் விளங்கவில்லை. வில்லியம் வின் என்னும் இளம் படைவீரர் இரண்டு அவுஸ்திரேலியப் பவுணுக்கு அதனை வாங்கி, ஸ்மோக்கி என்று பெயரிட்டு, தம் உணவிற் பங்கு கொடுத்து வளர்த்தார். வேலையில்லாத நேரமெல்லாம் பொறுமையோடு அதனைப் பழக்கினார். அழைத்தால் வரவும், அசையாது கிடக்கவும், கம்பியின்மேல் நடக்கவும் அது கற்றது.

பின்னர் பிலிப்பைன்ஸ் நாட்டின் லுசோன் தீவிலே, லிங்காயன் குடாவை அடுத்த விமானத்தளத்தில் ஓடுபாதையின் அடியாகத் தந்திக் கம்பி செலுத்தவேண்டியிருந்தது. நிலத்தின் கீழே 70 அடி நீளமும் எட்டு அங்குல விட்டமுமுள்ள பழைய குழாய் ஒன்று கிடந்தது. பொருத்துகளின் வழியே மண் வீழ்ந்து சில இடங்களிற் பாதி தூர்ந்திருந்தது. தோண்டுவதாயின் ஓடுபாதையை மூடவேண்டும். விமானங்கள் வெட்டவெளியிற் குண்டுவீச்சுக்கு இலக்காகும். வின் நூலொன்றை ஸ்மோக்கியின் கழுத்துப்பட்டியிற் கட்டி, குழாயின் மறுமுனையில் நின்று அதனைக் கூப்பிட்டார். இருட்டிலே தவழ்ந்து, நூல் சிக்கியபோது நின்று, மறுபடியும் நகர்ந்து, அவர் குரலை நோக்கி அது வந்து சேர்ந்தது. குறுகிய இருட்டு வளை அதன் முன்னோருக்குப் பழகிய இடம். ஆனால், கூப்பிட்ட குரலுக்கு வருவது அவ்வினத்தின் இயல்பன்று. அது வின் கற்பித்தது. காயமுற்ற வீரர்களின் கட்டில்களுக்கும் ஸ்மோக்கியைத் தாதியர் எடுத்துச் சென்றனர். யுத்தத்தின் பின் அது அவரோடு அமெரிக்கா சென்று, 1957ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது.

ஆகவே பழக்க முடியாத இனம் என்பது வெறும் பேச்சு. ஐந்து நிமிடப் பாடம், நாளுக்கு மூன்று முறை. சரியாகச் செய்ததும் ஒரு கடலையளவு உணவுத் துண்டு. தவறுக்கு அடியில்லை, கவனமின்மையே தண்டனை. இம்முறை இதற்கு நன்கு பொருந்தும். சிறுநீர்ப்பை மிகச் சிறியதாதலால் குட்டியை இரண்டு மணிக்கு ஒருமுறை வெளியே கொண்டுசெல்லவேண்டும். துணியில் ஒளித்த உணவைத் தேடவிடுவது, மணல் நிறைந்த பெட்டியிற் பொருளைப் புதைத்துத் தோண்டவிடுவது முதலியவை அதன் பழைய தொழிலுக்கு மாற்று. தெருவிலே பெரிய நாயைக் கண்டால் இது தன் அளவை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணவேண்டியவர் கயிற்றைப் பிடித்திருப்பவர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது ஏற்றதன்று. பிள்ளைமேல் உள்ள அச்சத்தினாலன்று. பிள்ளையின் கையிலிருந்து நழுவினால் பென்சிலளவான கால் முறியும் என்பதனால்.

வாங்க விரும்புவோர் குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்பது சட்டத்தினால் தடுக்கப்பட்டிருக்கிறது. தாய் ஐந்து இறாத்தலுக்குக் குறைந்ததாயின் அவளிடம் ஈற்றெடுப்பதே கொடுமை. ஒடுங்கிய இடுப்பினால் பிள்ளைப்பேறு தடைப்பட்டு, வயிற்றைக் கீறிக் குட்டிகளை எடுக்க நேர்வது இவ்வினத்திற் புதுமையன்று. தாய் எங்கே என்று கேட்டால் மழுப்புபவரிடம் குட்டி வாங்கலாகாது. எவ்வளவு சிறிதாக இருக்கும் என்று கேட்பவருக்கு, எவ்வளவு உறுதியாக இருக்கும் என்று விடை சொல்லும் வளர்ப்பாளரே நம்பத்தக்கவர்.

ஒழுங்காகப் பேணிய யோர்க்‌ஷயர் ரெரியர் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை வாழும். பத்து வயதுக்குமேல் இதயத்தின் தடுக்கிதழ் தளர்வதும், கண்ணிற் படலம் படர்வதும், செவி மந்தமாவதும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டவேண்டும். இரவில் இருமல் கண்டாலும், உறங்கும்போது மூச்சு விரைந்தாலும் அந்த ஆறு மாதத்துக்குக் காத்திருக்கலாகாது. கண் மங்கிய நாய் உள்ள வீட்டிற் கதிரை மேசைகளை இடம் மாற்றாமல் விட்டால், மூக்கின் துணைகொண்டே அது வழமைபோல நடமாடும். தண்ணீர்க் கோப்பையும் படுக்கையும் எப்பொழுதும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.